லாஜிக் வேண்டாம் என்று எங்கள் பேரில் சொல்லாதீர்கள்

பெரிய நடிகர்கள் நடித்த ஒரு த்ரில்லர் படம் சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது. "இது மாஸ் படம். இதில் போய் லாஜிக் பார்க்கலாமா? லாஜிக் பார்க்கிறவன் சென்னையில் மல்டிபிளெக்ஸில் உட்கார்ந்திருக்கிறவன். பி, சி சென்டர் ரசிகனுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. கைதட்ட நாலு இடம் இருந்தால் அவனுக்குப் போதும்." 2025 ஆகஸ்ட் 14 அன்று 'கூலி' வெளியானதிலிருந்து இந்தப் பதிலை டீக்கடையில் கேட்டேன், தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டேன், சினிமா வியாபாரம் அறிந்தவர்கள் எழுதியதிலும் படித்தேன். படத்தைக் குறை சொல்பவர்கள்கூட இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறார்கள். "எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஊர்ப்பக்கம் ஓடும்" என்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் ஊர்ப்பக்கம் எங்கள் பக்கம்தான். சிவகாசிக்கு அருகில் எம். புதுப்பட்டி. சுற்றிலும் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் உள்ள கரிசல் பூமி. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், திருவில்லிபுத்தூர்த் தியேட்டர்களில் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். எங்களைப் பற்றி எங்களிடம் கேட்காமலே சொல்லப்படும் ஒரு பொய்யை மறுப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். 'கூலி' ஏமாற்றிய படம். அது ஏமாற்றியதற்குக் காரணம், எங்களுக்குக் கதை வேண்டாம் என்று அதை எடுத்தவர்கள் நம்பியதுதான்.

திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1975 ஆகஸ்ட் 15-இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தது. அரை நூற்றாண்டு முடிகிற அதே வாரத்தில் ரஜினிகாந்தின் 171-வது படமாக 'கூலி' வந்தது. எதிரே நாகார்ஜுனா, கூட சத்யராஜ், சுருதிஹாசன், மலையாளத்திலிருந்து சௌபின் ஷாஹிர், கன்னடத்திலிருந்து உபேந்திரா, கடைசியில் வந்துபோக ஆமிர்கான். இசை அனிருத். ஒளிப்பதிவு கிரீஷ் கங்காதரன், படத்தொகுப்பு பிலோமின் ராஜ், சண்டைக்கு அன்பறிவ். இயக்கம் லோகேஷ் கனகராஜ். இவர்களில் ஒருவரைக்கூட வேலை தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். எழுபத்து நான்கு வயதில் ரஜினி ஒரு படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தாலே தியேட்டர் எழுந்து நிற்கிறது, நானும் எழுந்தேன். அதனால்தான் கோபம் அதிகமாகிறது. ஒன்றும் இல்லாதவர்கள் ஒன்றும் தராமல் போனால் அதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

லாஜிக் என்று பேசும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒருத்தர் முப்பது பேரை அடிப்பது ஒன்று. அவர் ஏன் அடிக்கிறார், அடித்ததால் அடுத்து என்ன நடக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதை எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே நாங்கள் கேள்வி கேட்டதில்லை. ரஜினி சிகரெட்டை வீசினால் அது உதட்டில் போய் நிற்கட்டும், ஒரே உதையில் ஆள் பத்தடி பறக்கட்டும். அதற்குத்தானே டிக்கெட் எடுத்தோம். காரணம் இல்லாமல் கதை நகர்வதைத்தான் நாங்கள் ஏற்பதில்லை. த்ரில்லர் என்று ஒரு படத்துக்குப் பெயர் கொடுத்தால், முன்னால் வைத்த திரியிலிருந்துதான் பின்னால் வெடிக்க வேண்டும். திரி ஒரு பக்கமும் வெடி இன்னொரு பக்கமும் கிடந்தால் எத்தனை பேர் சுற்றி நின்று கத்தினாலும் சத்தம் வராது.

'கூலி'யின் கதையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மேன்ஷன் நடத்தும் தேவாவின் நண்பர் ராஜசேகர் இறந்துபோகிறார். இயல்பான சாவு என்கிறார்கள், அது கொலை என்று தேவா கண்டுபிடிக்கிறார். ராஜசேகர் ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்திருக்கிறார். உடலை அதில் உட்கார வைத்தால் சில நொடியில் சாம்பல். இந்தக் கருவியைத் துறைமுகத்தில் கடத்தல் நடத்தும் சைமனின் கும்பல் பயன்படுத்திக்கொள்கிறது. மகள்களுக்கு ஏதும் ஆகிவிடும் என்ற அச்சத்தில் ராஜசேகர் அந்த வேலையைச் செய்திருக்கிறார். கொன்றவனைக் கண்டுபிடிக்க தேவாவும் ராஜசேகரின் மகள் ப்ரீத்தியும் அதே வேலைக்குள் நுழைகிறார்கள்.

இதுவரை அருமையான தொடக்கம். இப்படி ஒரு நாற்காலி உண்டா என்று நான் கேட்க மாட்டேன், கதைக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதன் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற யார் யாருடைய உடலையோ எரித்துக்கொண்டிருந்தான். அவன் மகள் இப்போது அதே இடத்தில் நிற்கிறாள். இந்த நிலைமை மட்டுமே ஒரு முழுப் படத்துக்குப் போதும். எரிப்பது யாரை, கணக்கு வைத்திருப்பது யார், ஒரு நாள் தெரிந்த முகம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வது, அந்தப் பெண் ராத்திரி எப்படித் தூங்குவாள் என்று எத்தனை கேள்வி இருக்கிறது. படம் எதிலும் நிற்பதில்லை. கருவி கதையின் நடுவில் இருக்கும்போதே கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. கடிகாரக் கடத்தல் வருகிறது, அதன் பின்னால் உறுப்புக் கடத்தல் வருகிறது, போலீஸ் உளவாளிகள் வருகிறார்கள், தேவாவின் பழைய வாழ்க்கை வருகிறது, கடைசியில் ப்ரீத்தி தேவாவின் சொந்த மகள் என்று வருகிறது. நண்பனுக்காகத் தொடங்கிய பழி, ஒரு பெண்ணைக் காப்பது என்று ஆகி, பழைய பகை என்று ஆகி, ரத்த பாசம் என்று முடிகிறது. தேவா எதற்காக நடந்துகொண்டிருக்கிறார் என்பது அரை மணிக்கு ஒருமுறை மாறினால் அவர் கூட நாம் நடப்பது எப்படி?

நண்பனின் மகளுக்காக ஒருவன் உயிரைக் கொடுக்கத் துணிகிறான் என்பதில் ஒரு பெருமை இருந்தது. அவள் உன் மகள்தான் என்று கடைசியில் சொன்னதும் அந்தப் பெருமை சுருங்கிப்போகிறது. நட்புக்காகச் செய்வான் ஒரு மனிதன் என்பதை நம்ப அவர்களுக்குத் துணிவு இல்லை. ரத்தம் என்றால்தான் ஜனங்களுக்குப் புரியும் என்று எங்களைப் பற்றி ஒரு கணக்கு. நல்ல த்ரில்லரில் ரகசியம் உடையும்போது 'அடடா, அப்போதே கண்ணெதிரில் இருந்ததே' என்று மனம் பின்னால் ஓடிப்போய்ப் பார்க்கும். இங்கே ஒவ்வொரு ரகசியமும் வாயால் சொல்லப்படுகிறது. நாம் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். அப்பாவியாகத் தெரியும் கல்யாணி வேறு முகம் காட்டும் இடத்தில் மட்டும் தியேட்டர் ஒரு கணம் அடங்கியது. ரச்சிதா ராம் அந்த இடத்தை வாங்கிக்கொண்டு போனார். சௌபின் வரும்போதெல்லாம் படத்துக்கு உயிர் வருகிறது. இவர்கள் இருவர் பேரையும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டார்களா என்பதை நினைத்துப் பாருங்கள். எழுதிக்கொடுத்த பாத்திரம் இருந்தால் ஆள் நிற்பார், எழுதாமல் விட்டால் ஆமிர்கானாக இருந்தாலும் ஹெலிகாப்டரில் வந்து துப்பாக்கியைக் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"ரஜினி படத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா" என்பவர்களுக்கு ரஜினி படத்தையே காட்டுகிறேன். 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'. சுரேஷ் கிருஷ்ணா படம். மாணிக்கம் ஆட்டோ ஓட்டுகிறார், தம்பி தங்கைகளுக்காகப் பொறுத்துக்கொண்டே போகிறார். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுப் போகும் இடத்தில், கூட வந்தவளை வெளியே நிறுத்திவிட்டு அவர் உள்ளே பேசுகிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்க்கிறாள். என்ன பேசினார் என்பது அவளுக்கும் கேட்காது, நமக்கும் கேட்காது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பது மட்டும் தெரியும். முப்பது வருஷம் கழித்தும் அந்த இடத்தைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே வந்திருக்கிறார், ஒரு காரணத்துக்காக வாயை மூடியிருக்கிறார். காரணம் சேர்ந்து சேர்ந்து நிற்கிறது, ஒரு இடத்தில் உடைகிறது. 'பாட்ஷா' ஓடியது ஸ்டைலுக்காக மட்டும் என்று சொல்பவர்கள் படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அது கணக்குப் பிசகாமல் எழுதப்பட்ட கதை.

எங்கள் ஜனங்களுக்குக் காரண காரியம் பிடிபடாது என்று எண்ணுபவர்கள், இந்த ஊரில் ஒரு நாள் தங்கி வேலையைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். காலையில் ஆலை வேன் வரும். ஏறிப் போகிற பெண்களில் பாதிப் பேர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். ஆனால் கலந்த வெடிமருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். அலுமினியப் பவுடரில் ஈரம் ஏறினால் அது தானாகச் சூடாகும். மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது, உராய்ந்தால் பொறி. நைலான் சேலை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். ஒரு அறையில் இத்தனை பேர்தான், ஒரு நேரத்தில் இவ்வளவு மருந்துதான். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.

விபத்து நடந்தால் செய்தித்தாளில் 'உராய்வினால் தீப்பொறி ஏற்பட்டு' என்று ஒரு வரி வரும். எங்கள் ஊரில் அந்த வரியோடு யாரும் நிறுத்துவதில்லை. மருந்து கலந்தது யார், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், மரத்தடியில் வைத்து வேலை பார்த்தார்களா, உள்குத்தகைக்கு விட்ட ஆலையா, போர்மேன் எங்கே போனார் என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் உதவி செய்ய ஓடிப்போனவர்களும் உண்டு. அந்த ஆலைக்கு உரிமம் ரத்தாகி இருந்தும் வேலை ஏன் நடந்தது என்ற கேள்வி இன்றைக்கும் இங்கே பேச்சில் வரும். 2023 அக்டோபர் 17 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்து ரெங்கபாளையத்தில் பட்டாசைக் கொளுத்திச் சோதித்துப் பார்த்தபோது பொறி பறந்து கடைக்குள் விழுந்தது என்றார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அதில் பெரும்பாலும் பெண்கள். 'கூலி' வருவதற்கு ஆறு வாரம் முன்னால், 2025 ஜூலை 1 அன்று, சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் ஆலை வெடித்தது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று யோசித்தே உயிர் வாழ்கிற ஜனங்களைப் பார்த்து, 'இவர்களுக்குக் கதையில் காரணம் தேவையில்லை' என்பது அறியாமை. அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவமதிப்பு.

உடல் எரிவது எப்படி என்பதும் எங்களுக்குத் தெரியும். கரிந்த உடல் யாருடையது என்று தெரியாமல் அரசு மருத்துவமனை வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் உண்டு. திரையில் மனிதன் ஒரு நொடியில் சாம்பலாகும்போது தியேட்டரில் விசில் வரவில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது எனக்கு முன்னால் போன பெண் ஒருத்தி கூட வந்தவளிடம் சொன்னாள்: "அம்புட்டுப் பேரை எரிச்சும் அந்தப் புள்ள மொகத்துல ஒரு மாத்தமும் இல்லயேக்கா." இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. நாற்காலிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை, அந்த வேலை அந்தப் பெண்ணை என்ன செய்தது என்று கேட்டாள். லாஜிக் என்று நான் சொல்வது அதைத்தான்.

இதே இயக்குநர் இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்தவர். 2019 தீபாவளி வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் தீபாவளிக்கு முந்தின வாரம்தான் வருஷத்தின் முடிவு மாதிரி. போனஸ் கையில் வரும், ஆலைகள் சாத்தப்படும், குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவார்கள். அந்த அக்டோபர் 25-இல் விஜயின் 'பிகில்' ஒரு பக்கம், கார்த்தியின் 'கைதி' ஒரு பக்கம். 'கைதி'யில் கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, நடப்பது ஒரே ராத்திரி. உயரதிகாரி வீட்டு விருந்தில் மதுவில் எதையோ கலந்துவிடுகிறார்கள், அதிகாரிகள் சுருண்டு விழுகிறார்கள். போலீஸ் அதிகாரி பிஜாய் மட்டும் ஏன் விழவில்லை? காயத்துக்கு மாத்திரை எடுப்பதால் அவர் குடிக்கவில்லை. விழுந்தவர்களை ஏற்றிய லாரியை அவரே ஏன் ஓட்டவில்லை? கை அடிபட்டிருக்கிறது. கார்த்தி நடித்த டில்லி ஏன் அங்கே இருந்தார்? சந்தேகத்தின் பேரில் ஜீப்பில் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் ஏன் ஒத்துக்கொள்கிறார்? இதுவரை பார்க்காத மகளைக் காலையில் பார்க்க வேண்டும். சட்டைப்பையில் அவளுக்கு வாங்கிய கம்மல் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறார். பிறகு டில்லி முப்பது பேரை அடித்தாலும் நூறு பேரை அடித்தாலும் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. கமிஷனர் அலுவலகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட நெப்போலியன் என்ற ஏட்டையா (ஜார்ஜ் மரியான்) கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து கதவைக் காப்பதற்கு எங்கள் தியேட்டரில் விழுந்த கைதட்டு ஹீரோவுக்கு விழுந்ததற்குக் குறையாதது. அந்த ஏட்டையாவுக்கு எந்த ரசிகர் மன்றம் இருந்தது?

சரி, அது ஒரு விதிவிலக்கு என்பார்கள். 2024 ஜூன் 14-இல் வந்த 'மகாராஜா'? நிதிலன் சாமிநாதன் படம். முடி திருத்துகிற ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் குப்பைத் தொட்டி காணோம் என்று புகார் கொடுக்கிறார். காலம் முன்னும் பின்னுமாகக் குலைந்து கிடக்கிறது. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று நம்மையே அடுக்கச் சொல்கிறது படம். சி சென்டருக்குப் புரியாது என்றால் இந்தப் படம்தான் புரியாமல் போயிருக்க வேண்டும். புரிந்தது. ஓடியது. சீனாவுக்கும் போனது. கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது தியேட்டரில் எழுந்த மூச்சை நான் கேட்டேன்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. இவ்வளவு செலவழித்து எடுத்தால் நாலு மாநிலத்திலும் வடக்கிலும் விற்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு மொழியிலிருந்தும் ஒரு நட்சத்திரம் வேண்டும், வந்தவருக்கு ஒரு அறிமுகக் காட்சி கொடுக்காமல் இருக்க முடியாது என்பது. வியாபாரிகளின் கவலையை நான் லேசாகப் பேசமாட்டேன், எங்கள் ஊரே வியாபாரத்தில் நிற்கிற ஊர். ஆனால் இந்தக் கணக்கு தப்பு. மொழி தாண்டிப் போனது எது என்று பாருங்கள். மலையாள 'திரிஷ்யம்' தமிழில் 2015-இல் 'பாபநாசம்' ஆனது, தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் இந்திக்கும் போனது, சிங்களத்தில் எடுத்தார்கள், சீனத்தில் எடுத்தார்கள். மோகன்லால் சீனாவுக்குப் போகவில்லை. ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு ஓட்டல் பில்லும் ஒரு சினிமா டிக்கெட்டும் எந்தத் தேதிக்கு என்பதை வைத்து ஒரு சாதாரணக் குடும்பத் தலைவன் போலீஸை நிறுத்தி வைத்தானே, அந்தக் கதை போனது. 'கைதி'யும் 2023-இல் 'போலா' என்று இந்திக்குப் போனது. 'கூலி'யில் ஆளுக்கொரு நுழைவு, ஆளுக்கொரு பின்னணி இசை, ஆளுக்கொரு மெதுநடை. மூன்று மணி நேரத்தை ஒட்டிய படத்தில் இவை எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்துப் பாருங்கள். கதைக்கு மிஞ்சியது எவ்வளவு? நடிகர்களை முதலில் சேர்த்துவிட்டுக் கதையைப் பிறகு அவர்களுக்கு நடுவில் நீட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு படத்தோடு முடிகிற விஷயமாகவும் இது இல்லை. 2024 அக்டோபரில் 'வேட்டையன்' வந்தது. ரஜினி, அமிதாப் பச்சன், பகத் பாசில், ராணா, மஞ்சு வாரியர். என்கவுன்டரில் தப்பான ஆளைச் சுட்டுவிட்ட ஒரு போலீஸ்காரரின் குற்ற உணர்ச்சி என்ற பெரிய கேள்வியை எடுத்த படம், பிற்பகுதியில் ஹீரோவைக் காப்பாற்றுவதற்காக அதைக் கைவிட்டது. 2025 ஜூனில் 'தக் லைஃப்'. 'நாயகன்' எடுத்த இருவர் முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு சேர்ந்தார்கள். சிலம்பரசன், த்ரிஷா, ஜோஜு ஜார்ஜ் என்று பட்டியல் நீண்டது, மனதில் நின்ற காட்சி என்று ஒன்றைச் சொல்லத் திணறுகிறேன். பிறகு 'கூலி'. ஒரே வருஷத்துக்குள் மூன்று. மூன்றுக்கும் ஒரே சமாதானம் சொல்லப்பட்டது, மூன்றுக்கும் எங்கள் ரசனையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

வசூலைக் காட்டுவார்கள். முதல் நாள் உலக வசூல் 151 கோடி ரூபாய் என்று தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. இருக்கட்டும். ஆகஸ்ட் 14 வியாழன், மறுநாள் சுதந்திர தினம், அதற்கு மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, பிறகு ஞாயிறு. முதல் நாள் டிக்கெட் படம் பார்த்தபிறகு எடுத்தது அல்ல, படம் பார்ப்பதற்கு முன் எடுத்தது. அந்தப் பணம் ஐம்பது வருஷமாக ரஜினி சேர்த்து வைத்த நம்பிக்கையின் பணம். அதை வைத்துப் படம் நன்றாக இருக்கிறது என்று நிரூபிப்பது, ஜனங்கள் கொடுத்த முன்பணத்தை ஜனங்களின் தீர்ப்பு என்று மாற்றிச் சொல்வது.

விமர்சகர்கள் கெடுத்தார்கள் என்பதும் பழைய பாட்டு. 2024 நவம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் தரப்பு, தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை விடக்கூடாது என்று கேட்டது. முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள், இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆபாசமாகவும் ஆள் பார்த்தும் திட்டுகிற விமர்சனம் உண்டு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வேனில் போகும் முப்பது பேரில் ஒருத்தர் படம் பார்த்துவிட்டு வந்து மற்ற இருபத்தொன்பது பேரிடம் சொல்வதை எந்த நீதிமன்றம் தடுக்கும்? எங்கள் பக்கம் படத்தின் விதியை இன்றைக்கும் அந்த வேன்தான் முடிவு செய்கிறது.

எதிர்பார்ப்பு அதிகமாகிவிட்டது, அதனால்தான் ஏமாற்றம் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. அந்த எதிர்பார்ப்பை யார் வளர்த்தது? ஒவ்வொரு நடிகருக்கும் தனி போஸ்டர், தனி அறிவிப்பு, பாட்டுக்கு ஒரு விழா. போஸ்டர் அச்சடிக்கிற ஊர் எங்களுடையது. சிவகாசி அச்சகங்களில் மை காயாத ஹீரோ முகங்களைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கிக் கட்டி அனுப்பியவர்கள் நாங்கள். பட்டாசுப் பெட்டியிலும் தீப்பெட்டியிலும் நடிகர் படத்தை ஒட்டியிருக்கிறோம். லேபிள் நன்றாக இருந்தால் பெட்டி ஒருமுறை விற்கும், உள்ளே இருப்பது நமுத்துப்போயிருந்தால் அடுத்த வருஷம் அந்தக் கம்பெனிப் பெட்டியைக் கடைக்காரர் வாங்க மாட்டார் என்பது எங்களுக்குத் தெரிந்த வியாபாரம்.

எனக்கு மிகவும் வலித்த இடம் ஒன்று இருக்கிறது. தேவா ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் கையில் 1421 என்ற பேட்ஜ். பஸ் கண்டக்டராக இருந்த தன் அப்பாவின் எண் அது என்று லோகேஷ் சொல்லியிருக்கிறார். ரஜினியும் பெங்களூரில் கண்டக்டராக இருந்தவர். இரண்டு கண்டக்டர்களின் வாழ்க்கை அந்த ஒரு பித்தளைத் துண்டில் இருந்தது. கூலி வேலை பார்த்தவன் முதலாளியை எதிர்த்து நின்ற கதையை எங்கள் ஜனங்கள் எவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்தார்கள் என்று சொல்லி மாளாது. இங்கே பாதிப் பேருக்குச் சம்பளம் நாள் கணக்கில் இல்லை, செய்த உருப்படிக் கணக்கில். எத்தனை குரோஸ் கட்டினாயோ அத்தனைக்குக் கூலி. கைவிரல் நகத்தில் வெள்ளைப் பவுடர் ஏறியிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு, தேவா கூலியாக இருந்த நாட்களைப் படம் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் கடந்துபோனது. இளமையாக்கப்பட்ட ரஜினி முகத்தைப் பார்க்க விசில் பறந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை வைக்க யாரும் மெனக்கெடவில்லை. என்ன கூலி கொடுத்தார்கள், எதைப் பிடித்து வைத்தார்கள், எந்த நாளில் பொறுமை போனது? அந்தக் காரணங்களை எழுதியிருந்தால் 'பாட்ஷா'வின் கண்ணாடிக் கதவுக்கு இணையாக ஒரு இடம் கிடைத்திருக்கும். தலைப்பில் வைத்ததைக் கதையில் வைக்காமல் விட்டதுதான் இந்தப் படத்தின் பெரிய குற்றம்.

லோகேஷ் கனகராஜிடம் எனக்குக் கேட்க உரிமை இருக்கிறது, 'மாநகரம்' வந்த 2017-லிருந்து அவர் படத்துக்கு டிக்கெட் எடுத்தவன் என்ற முறையில். ரஜினிக்கு எழுதும்போது டில்லிக்கு எழுதிய மாதிரி எழுதுங்கள். பெரிய நடிகர் என்றால் காரணங்கள் குறையலாம் என்று யாரோ சொல்வதைக் கேட்காதீர்கள், பெரிய நடிகர் என்றால் காரணங்கள் இன்னும் கூட வேண்டும். நாலு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டு ஒரு எழுத்தாளரை நாலு மாதம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த பெரிய படம் வந்து, அது சரியில்லாமல் போய், 'ஊர்ப்பக்கத்து ஜனங்களுக்கு இது போதும்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், சும்மா கேட்டுக்கொண்டு வராதீர்கள். 'கைதி'யும் 'மகாராஜா'வும் எங்கே ஓடின என்று கேளுங்கள். எம். புதுப்பட்டியிலிருந்து வேன் வைத்துப் போய்ப் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள்.